“ஒண்ணும் வரல்ல சாரே”: ஆய்வுக் கட்டுரைக்கான தேடல் எங்கே முட்டுகிறது, எப்படிச் சரிசெய்வது

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆய்வுக் கட்டுரை ஒப்படைக்கிற மாதம் வந்தால் என் மேசைக்கு முன்னால் வரிசை நிற்கும். வருகிற பிள்ளைகள் வாயில் ஒரே வாசகம்: “ஒண்ணும் வரல்ல சாரே.” என் பதிலும் மாறாது: “என்ன தட்டினன்னு காட்டு மக்கா.” காட்டினால் பெரும்பாலும் விளங்கிவிடும். தேடுகிற பொருள் தரவுத்தளத்தில் இருக்கும். ஆனால் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் மாவட்டத்துக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில் நம் மண்ணில் நிற்கிறது, நிர்வாகம் இன்றும் கேரள அரசிடம். ஆவணங்களும் அப்படித்தான்: பாதி அங்கே, பாதி இங்கே, மூன்று மொழியில், இரண்டு ஆண்டுக்கணக்கில்.

கீழே கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேரே போய்விடலாம். எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் தோள்சீலைப் போராட்டத்தையே, அதாவது 19-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த போராட்டத்தையே எடுத்திருக்கிறேன். வருடா வருடம் யாராவது அந்தத் தலைப்போடு வந்து நிற்பதால் அதிலுள்ள முட்டுச்சந்துகள் எனக்கு மனப்பாடம்.

## கோளாறு 1: தேடினால் பூஜ்யம்

முதலில் ஒரு சோதனை. தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘இந்தியா’ என்று மட்டும் தட்டிப் பாருங்கள்.

### அதற்கும் பூஜ்யம் என்றால்

உங்கள் சொல்லில் கோளாறு இல்லை. பக்கத்தின் ஓரத்தைப் பாருங்கள்: முந்தைய தேடலுக்குப் போட்ட ஃபில்டர் அப்படியே நிற்கும். ஆண்டு 2020-க்கு மேல், மொழி பிரெஞ்சு என்று எவரோ போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நூலகக் கணினியில் இது அன்றாடக் கதை. எல்லாவற்றையும் நீக்குங்கள். அடுத்து, பெட்டிக்குப் பக்கத்தில் ‘ஆசிரியர்’ என்று தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். இந்தியா என்ற பெயரில் ஆசிரியரைத் தேடினால் என்ன வரும்? இரண்டும் சரி என்றால் வெளியேறி மறுபடி உள்ளே நுழையுங்கள். அப்படியும் பூஜ்யம்தான் என்றால் நூலகரைக் கூப்பிடுங்கள்.

### ‘இந்தியா’வுக்கு வருகிறது, என் தலைப்புக்கு வரவில்லை என்றால்

பொறுமை இங்கேதான் வேண்டும்.

முதலில், கட்டுரைத் தலைப்பை அப்படியே தட்டியிருக்கிறீர்களா? ‘திருவிதாங்கூர்த் தோள்சீலைப் போராட்டத்தில் மிஷனரிகளின் பங்கு’ என்று முழு வரியையும் போட்டால் கூகுள் பொறுத்துக்கொள்ளும். கல்லூரி நூலகத்தின் கணினிப் பட்டியலான கோஹா அவ்வளவு பொறுமைசாலி இல்லை. இடம் ஒரு சொல், நிகழ்ச்சி ஒரு சொல். அந்த இரண்டோடு தொடங்குங்கள். மிஷனரி அப்புறம் வரட்டும்.

மேற்கோள்குறியையும் பாருங்கள். வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ வெட்டி ஒட்டினால் வளைந்த குறி வரும். சில தளங்கள் அதை மேற்கோளாகவே எடுத்துக்கொள்ளாது. அழித்துவிட்டு, நேராக நிற்கும் குறியைக் கீபோர்டில் தட்டுங்கள்.

அப்புறம் பெயர். நாம் ‘தோள்சீலை’ என்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையில் ‘அப்பர் கிளாத்’, இன்னொன்றில் ‘பிரெஸ்ட் கிளாத்’. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1968-ல் எழுதிய, எல்லாரும் மேற்கோள் காட்டுகிற கட்டுரை இரண்டாவது பெயரில்தான் இருக்கிறது. தோள்சீலையைத் தமிழ் உச்சரிப்பிலேயே ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது. மலையாளத்தில் ‘சாந்நார் லகள’, ‘மாறுமறய்க்கல் சமரம்’. சாதிப் பெயருக்கும் இதே கதை. 1850-களின் ஆங்கில ஆவணங்கள் ‘ஷானார்’ என்று எழுதும், மலையாள வழி வந்தவை ‘சன்னார்’ என்று எழுதும், பிற்கால ஆய்வுகள் ‘நாடார்’ என்று எழுதும். அந்தப் பழைய சொற்களால் இன்று யாரையும் அழைக்கக் கூடாது, கட்டுரையிலும் காரணமில்லாமல் எழுதக் கூடாது. ஆனால் தேடல் பெட்டியில் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆவணத்தை எழுதியவன் அந்தச் சொல்லைத்தான் எழுதி வைத்திருக்கிறான்.

ஊர்ப் பெயரும் அப்படியே. கன்னியாகுமரிக்குப் பழைய நூல்களில் ‘கேப் கொமரின்’. திருவனந்தபுரம் அலுவல் முறையில் ஆங்கிலத்திலும் அப்படி ஆனது 1991-ல்தான். அதற்கு முந்தைய கட்டுரைகளில் ‘டிரிவேன்ட்ரம்’ என்று தேடுங்கள். இரணியல் ‘எரனியேல்’ ஆகியிருக்கும். குழித்துறை மாதிரி ழகரம் உள்ள ஊர் என்றால் குழப்பம் உறுதி: இசட்-எச் போட்டு ஒரு தடவை, எல் போட்டு ஒரு தடவை தேடுங்கள்.

இவ்வளவையும் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டியதில்லை. மாற்றுப் பெயர்களை அடைப்புக்குறிக்குள் போட்டு, நடுநடுவே ‘அல்லது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ‘ஆர்’ஐப் பெரிய எழுத்தில் போடுங்கள். அடைப்புக்கு வெளியே ‘ஆண்ட்’ போட்டு ‘டிராவன்கோர்’ சேருங்கள், திருவிதாங்கூரை ஆங்கிலேயர் எழுதிய எழுத்துக்கூட்டலில். ஆய்விதழ்களின் தரவுத்தளமான ஜேஸ்டோரில் சொல்லின் கடைசியில் * போட்டால் அந்தச் சொல் எப்படி முடிந்தாலும் பிடிக்கும். ஆய்வுக் கட்டுரைகளுக்கான கூகுள் ஸ்காலரில் அந்த வித்தை எடுபடாது. அங்கே ஒவ்வொரு வடிவத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

### தமிழில் தேடும்போது மட்டும் பூஜ்யம் என்றால்

நம் இலக்கணமே நம் காலை வாருகிற இடம் இது. ‘நாஞ்சில் நாடு’ என்று தேடுவீர்கள்; நூலின் பெயர் ‘நாஞ்சில்நாட்டு’ என்று தொடங்கும். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொல். வேற்றுமை உருபு ஒட்டி மாறாத பகுதியை மட்டும் தட்டுங்கள்: ‘நாஞ்சில்’ போதும். ‘தோள்சீலை’ புணர்ந்து ‘தோட்சீலை’ ஆகியிருக்கும், பிரிந்து ‘தோள் சீலை’ என்றும் நிற்கும். மூன்றையும் போடுங்கள்.

கண்ணுக்கே தெரியாத கோளாறு ஒன்றும் உண்டு. ‘ஔவையார்’ என்பதைப் பலர் ஒகரமும் ளகரமும் சேர்த்து ‘ஒளவையார்’ என்று தட்டுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடலில் ஒன்று மற்றொன்றைக் காட்டாது. ‘கொ’, ‘கோ’ எழுத்துகளிலும் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை விட்டுவிட்டுத் தலைப்பில் உள்ள வேறு சொல்லால் தேடுங்கள்.

வெளிநாட்டு நூலகப் பட்டியல்களிலும், பல நாட்டு நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வோர்ல்ட்கேட்டிலும் தமிழ் நூல்களை ஒரு தனி ஒலிபெயர்ப்பு முறையில் பதிவு செய்திருப்பார்கள். நாம் டி-எச் போடும் தகரத்துக்கு அங்கே வெறும் டி. சகரத்துக்கு எஸ்ஸோ சி-எச்சோ இல்லை, வெறும் சி. புள்ளி, கோடுகளை விட்டுவிட்டுத் தட்டினாலும் பொதுவாகப் பிடித்துக்கொள்ளும்.

### ஆண்டு போட்டால் மட்டும் காணாமல் போகிறது என்றால்

1859-ல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்களின் மேலாடை பற்றி வெளியிட்ட அறிவிப்பைத் தேடுகிற பிள்ளை, ஆண்டு ஃபில்டரில் 1859 என்று போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும். திருவிதாங்கூர் ஆவணங்கள் பலவும் கொல்லம் ஆண்டில் பதிவானவை. நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் இன்றும் போடுகிறோமே, அதே கொல்லம் ஆண்டுதான். அதோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஆவணியிலிருந்து டிசம்பர் வரைக்குமான மாதங்களுக்கு 824. அப்படியானால் கொல்லம் 1034 என்பது 1858 ஆகஸ்டில் தொடங்கி 1859 ஆகஸ்டில் முடிகிறது. ஆங்கிலப் பதிவுகளில் எம்.ஈ. என்று இரண்டு எழுத்து பக்கத்தில் நின்றால் அது இந்தக் கணக்கு. ஆண்டு ஃபில்டரை எடுத்துவிட்டு 1034 என்பதைத் தேடுசொல்லாகவே போடுங்கள்.

### எல்லாம் செய்தும் பூஜ்யம் என்றால்

கடை மாறி வந்திருக்கிறீர்கள். மீன் வாங்க வடசேரி சந்தையின் வாழைக்குலைப் பக்கம் நின்றால் என்ன செய்ய? ஜேஸ்டோரில் தமிழ் நூல்களைத் தேடாதீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்குப் போங்கள். நாகம் அய்யா 1906-ல் தொகுத்த திருவிதாங்கூர் மானுவல் மாதிரியான பழைய ஆங்கில நூல்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் முழுசாகவே கிடக்கின்றன. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. அதில் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள் நம் பிள்ளைகள். கேரளப் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். காரியவட்டத்தில் அவர்களுக்குத் தமிழ்த் துறையே இருக்கிறது.

மலையாளம் பேசத் தெரியும், எழுதத் தெரியாது என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி: ஃபோனில் குரல் தட்டச்சை மலையாளத்துக்கு மாற்றிச் சொல்லைச் சொல்லுங்கள். எழுத்தில் வருவதை வெட்டித் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். களியக்காவிளைப் பிள்ளை ஒருத்திதான் இதை எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.

## கோளாறு 2: ஆயிரக்கணக்கில் வருகிறது, ஒன்றும் உதவவில்லை

‘கன்னியாகுமரி’ என்று போட்டால் மூலிகைச் செடி, மீன்பிடிப்பு, மணல் கனிமம், 2017 ஒக்கிப் புயல் எல்லாம் வரிசையில் வரும். வரலாறு எட்டாவது பக்கத்தில் இருக்கும், எட்டாவது பக்கத்துக்கு யாரும் போவதில்லை.

முதல் மருந்து, இரட்டைச் சொல்லை மேற்கோள்குறிக்குள் போடுவது. இரண்டாவது, தேடலைத் தலைப்போடு மட்டும் நிறுத்துவது. முழு உரையிலும் தேடினால் அடிக்குறிப்பில் ஒரு தடவை வந்த சொல்லுக்கும் கட்டுரை வந்து நிற்கும். மூன்றாவது, துறை ஃபில்டர்: வரலாறு, சமூகவியல். ‘இது வேண்டாம்’ என்று சொல்லும் ‘நாட்’ போட்டுப் புயலையும் மீனையும் கழிப்பதை நான் கடைசிக்கு வைத்திருப்பேன். மீனவர் வரலாறு எழுதுகிறவருக்கு மீனைக் கழித்தால் மிச்சம் என்ன?

இதற்கெல்லாம் மேலே எனக்குப் பிடித்த வழி வேறு. பொருத்தமான கட்டுரை ஒன்றே ஒன்று கிடைத்துவிட்டால் தேடலை நிறுத்திவிடுங்கள். அந்தக் கட்டுரையின் விவரப் பக்கத்தில் அதற்கு நூலகத்தார் கொடுத்த பொருள் தலைப்புகள் இருக்கும். அவற்றை அழுத்தினால் அதே வகைக் கட்டுரைகள் வரும். அதன் அடிக்குறிப்புகள் உங்களைப் பின்னோக்கி அழைத்துப்போகும். கூகுள் ஸ்காலரில் அதன் கீழே உள்ள ‘சைட்டட் பை’ இணைப்பு, அதற்குப் பிறகு யார் அதை எடுத்தாண்டார்கள் என்று முன்னோக்கிக் காட்டும். ஒரு நல்ல கட்டுரையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் நடந்தால் அரைநாளில் இருபது கிடைக்கும்.

## கோளாறு 3: தலைப்பு இருக்கிறது, கட்டுரை திறக்கவில்லை

பணம் கட்டாதீர்கள். முப்பது, நாற்பது டாலர் கேட்கும். அப்பாவின் கார்டை வாங்கிக் கட்டிவிட்டு வந்து என்னிடம் சொன்ன பையன் உண்டு. அந்தக் கட்டுரை ஆசிரியரின் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே இருந்தது.

எந்த வழியாக வந்தீர்கள்? கூகுளில் இருந்து நேராகக் கட்டுரைப் பக்கத்துக்குப் போனால் அந்தத் தளத்துக்கு நீங்கள் வெறும் வழிப்போக்கர். கல்லூரி சந்தா இருந்தாலும் கதவு திறக்காது. முதலில் கல்லூரிகளுக்கு மின்னிதழ்களைத் திறந்துவிடும் என்-லிஸ்ட் தளத்தில் உள்ளே நுழைந்து, அங்கிருக்கிற இணைப்பு வழியாகப் போங்கள். அரசு நிறுவனம் என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்’ திட்டமும் இருக்கலாம். 30 பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 மின்னிதழ்கள் அதில் அடக்கம். உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் உண்டா என்று நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

சந்தா இல்லை என்றால் கூகுள் ஸ்காலரில் அதே தலைப்பின் கீழே ‘ஆல் வெர்ஷன்ஸ்’ அழுத்துங்கள். வலது ஓரத்தில் பிடிஎஃப் என்று எங்காவது நிற்கும். அன்பேவால் என்ற நீட்சியை உலாவியில் போட்டுவைத்தால், சட்டபூர்வமான இலவசப் பிரதி இருக்கும்போது பக்க ஓரத்தில் பச்சைப் பூட்டுக் காட்டும். ஜேஸ்டோரில் சொந்தக் கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை இணையத்திலேயே படிக்கலாம். தரவிறக்க முடியாது, படிக்கலாம்.

அதுவும் இல்லை என்றால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். நான்கு வரி போதும்: நான் யார், என்ன எழுதுகிறேன், எந்தக் கட்டுரை, ஏன் வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. தம் கட்டுரையைக் கேட்டு யாராவது எழுதினால் பேராசிரியர்களுக்கு மகிழ்ச்சிதான்.

பதில் வரவில்லை என்றால் நூலகரிடம் வாருங்கள். மற்ற நூலகங்களிடம் கேட்டு வாங்கும் வழி எங்களுக்கு உண்டு. ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். நாளை ஒப்படைக்க வேண்டும் என்று இன்று மாலை நாலு மணிக்கு வந்தால் என்னால் சாயா மட்டும்தான் வாங்கித்தர முடியும்.

## கோளாறு 4: பாஸ்வேர்டு ஏற்கவில்லை

கேப்ஸ் லாக். பின்னால் ஒட்டிக்கொண்ட இடைவெளி. அதுவும் இல்லையென்றால் கல்லூரியில் என்-லிஸ்ட் பொறுப்பாளரிடம் கேளுங்கள்; புதிதாகக் கொடுப்பார். நண்பனுடைய பாஸ்வேர்டு வேண்டாம். ஒரே கணக்கில் கண்டபடி தரவிறக்கினால் பதிப்பாளர் மொத்தக் கல்லூரிக்கும் கதவை அடைத்துவிடலாம்.

## கோளாறு 5: தமிழ்க் கோப்பு திறக்கிறது, உள்ளே தேட முடியவில்லை

ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வெட்டி நோட்பேடில் ஒட்டுங்கள்.

ஒட்டினால் ஆங்கிலக் குப்பை வருகிறது: யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய கோப்பு. ஷோத்கங்காவில் உள்ள தமிழ் ஆய்வேடுகளில் இது நிறைய. பாமினி என்ற அந்தப் பழைய எழுத்துருவில் தட்டிய ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. ஆகவே தமிழில் தேடினால் எந்தக் காலத்திலும் கிடைக்காது. வேண்டிய பக்கங்களை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம். அவசரம் என்றால் தலைகீழாகச் செய்யுங்கள்: உங்கள் தேடுசொல்லைப் பாமினிக்கு மாற்றி, வருகிற ஆங்கிலக் குப்பையையே கோப்பில் தேடுங்கள். பளிச்சென்று நிற்கும்.

தேர்ந்தெடுக்கவே முடியவில்லை: அது எழுத்து இல்லை, படம். ஸ்கேன் செய்த பக்கம். கூகுள் டிரைவில் ஏற்றி ‘கூகுள் டாக்ஸ்’ வழியாகத் திறந்தால் தமிழை ஓரளவு நன்றாகவே எழுத்தாக்கும். மேற்கோள் காட்டும் முன் ஒவ்வொரு வரியையும் படத்தோடு ஒத்துப்பாருங்கள். ர, ா, ற, ன, ள இவற்றில் அது தடுமாறும். நூற்றுக்கணக்கான பக்கம் என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள். பொருளடக்கத்தைக் கண்ணால் படித்துப் பத்துப் பக்கத்தை மட்டும் எடுங்கள்.

இன்னொன்று: ஷோத்கங்காவில் அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனிக் கோப்பு இருக்கும். முதல் கோப்பில் முகப்பும் சான்றிதழும்தான். அதைத் திறந்துவிட்டு “ஆய்வேடு நாலு பக்கம்தான் சாரே” என்று வந்தவர்கள் நிறையப் பேர்.

## கோளாறு 6: மேற்கோள் கையில் இருக்கிறது, கட்டுரை எங்குமே இல்லை

இரண்டு மூன்று வருடமாகத்தான் இந்தக் கோளாறு. ஆசிரியர் பெயர் இருக்கும், இதழ் பெயர் இருக்கும், ஆண்டு, பக்கம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். எங்கே கிடைத்தது என்று கேட்டால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. சாட்ஜிபிடி கொடுத்தது.

சோதனை எளிது. கட்டுரைக்கென்று கொடுக்கும் நிரந்தர அடையாளமான டிஓஐ எண் இருக்கிறதா? 10-ல் தொடங்கும். அதை டிஓஐ தளத்தில் போட்டால் அந்தக் கட்டுரைக்கே போக வேண்டும். வேறு கட்டுரைக்குப் போனால் கதை முடிந்தது. எண் இல்லையென்றால் தலைப்பை மேற்கோள்குறிக்குள் போட்டு ஸ்காலரில் தேடுங்கள். அடுத்து அந்த இதழின் அந்த ஆண்டு, அந்த இதழ் எண்ணின் பொருளடக்கத்தைத் திறந்து பாருங்கள். மூன்றிலும் இல்லையென்றால் நான்காவது இடத்தில் தேடாதீர்கள். பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள். வழிகாட்டிப் பேராசிரியர் கண்டுபிடிப்பதைவிட நீங்களே அடிப்பது நல்லது.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

ஒரே கோளாறில் நாற்பது நிமிடம் போய்விட்டதென்றால் எழுந்து நூலகரிடம் போங்கள். வெறும் கையோடு போகாதீர்கள். எந்தத் தளம், என்ன சொல், எந்த ஃபில்டர், எத்தனை வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தாள் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லையென்றால் நீங்கள் தட்டியதை எல்லாம் நானும் முதலில் இருந்து தட்ட வேண்டும்.

தேடியது டிஜிட்டல் ஆகவே இல்லை என்று நூலகர் சொல்லிவிட்டால் அடுத்த செலவு பஸ் டிக்கெட். திருவனந்தபுரத்தில் 1829-ல் தொடங்கிய அரசு மத்திய நூலகம் இருக்கிறது. கோட்டைப் பகுதியில் மத்திய ஆவணக் காப்பகம் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் பழைய பதிவுகளான மதிலகம் ஓலைகள் அந்த அரசுக் காப்பகத்தின் சேகரம்தான். அங்கே மலையாளம் தெரிந்தால்கூடப் போதாது. பழைய ஓலைகள் வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்று போகும். பட்டப்படிப்புக் கட்டுரைக்கு அவ்வளவு தூரம் இறங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. முனைவர் பட்டம் என்றால் எழுத்து படிக்கத் தெரிந்த ஒருவரை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாசித்துத் தருவதற்குப் பணம் கேட்டால் அது நியாயமான பணம்.

போகிறவர்கள் கல்லூரி அடையாள அட்டையையும் துறைத் தலைவரின் கடிதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தேடுகிற ஆண்டுகளைக் கொல்லம் கணக்கிலும் குறித்துக்கொள்ளுங்கள். அன்று கேரளத்தில் விடுமுறையா என்று முந்தின நாளே பாருங்கள். ஓணத்துக்கு நமக்கு ஒரு நாள் என்றால் அங்கே பல நாள். களியக்காவிளை தாண்டி, பாறசாலையில் பஸ் நிற்கும்போது ஞாபகம் வந்து என்ன செய்ய?